சில்லு பெயாரிங்: எந்த ஹப் நட்டை முழுதாக இறுக்குவது, எதைத் தளர்த்தி விடுவது

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மூன்று வகைச் சில்லுகள் ஒன்றாக ஓடுகின்றன. பழைய டொல்பின் ஹயஸ், லொறி, லேலண்ட் பஸ், உழவு இயந்திரத்தின் முன்சில்லு, அது இழுக்கும் பெட்டி என்பவற்றில் இரண்டு ரேப்பர் (கூம்பாக ஒடுங்கும்) றோலர் பெயாரிங்குகள் எதிரெதிராக நிற்கும். கொரோலா, விற்ஸ் போன்ற முன்சில்லு இழுவைக் கார்களின் முன்பக்கத்தில் ஒரே கூட்டுக்குள் இரண்டு வரிசைப் பந்துகள் இருக்கும். மோட்டார் சைக்கிளில் இரண்டு சாதாரண பந்து பெயாரிங், நடுவில் ஒரு இரும்புக் குழாய்.

மூன்றிலும் ஒரு நட் உண்டு. அது பார்க்கும் வேலைதான் வேறு. ரேப்பர் வகையில் பெயாரிங்கின் உள் இடைவெளியை அமைப்பதே அந்த நட். அதைப் பலங்கொண்டு இறுக்கினால் பெயாரிங் எரிந்துபோகும். மற்ற இரண்டிலும் இடைவெளி தொழிற்சாலையிலேயே அமைந்துவிட்டது. அங்கே நட்டின் வேலை கவ்விப் பிடிப்பது மட்டும். அரைகுறையாக இறுக்கினால் பெயாரிங் உடையும். ஒன்றுக்குரிய முறையை மற்றதற்குச் செய்வதுதான் புதிய பெயாரிங் போட்ட சில கிழமைகளிலேயே மறுபடி இரைச்சல் வருவதற்குப் பெரிய காரணம்.

எந்த வகை என்று பார்த்தவுடன் பிடிக்கலாம். கிறீஸ் மூடியைக் கழற்றியதும் வெட்டு வைத்த நட்டோ, நட்டின் மேல் கவிழ்ந்த தகட்டு மூடியோ, குறுக்கே ஸ்பிளிட் பின்னும் கீழே நாக்குள்ள வோஷரும் இருந்தால் பெரும்பாலும் ரேப்பர். சில்லின் நடுவே இழுவை அச்சின் முனை வெளியே வந்து, அதில் பெரிய நட் ஏறி, நட்டின் விளிம்பு அச்சின் காடிக்குள் தட்டி மடிக்கப்பட்டிருந்தால் கவ்வும் வகை. சில கார்களில் கவ்வும் நட்டுக்கும் ஸ்பிளிட் பின் வரும். அதனால் பின்னைப் பார்த்து முடிவெடுக்காமல் உள்ளே இருக்கும் பெயாரிங்கைப் பார்த்து முடிவெடுங்கள்.

பிறீலோட் என்றால் உள்ளே நடப்பது என்ன

சைக்கிள் ஹப்பில் கோன் பிடித்துப் பழகிய கைக்கு இது தெரிந்த விசயம். கோன் தளர்வாக இருந்தால் சில்லு ஆடும். மெல்ல மெல்ல இறுக்கினால் ஆட்டம் நிற்கும் ஒரு இடம் வரும். அதற்கும் மேலே இறுக்கினால் குண்டுகள் அரைபடுவது விரலில் தெரியும். ரேப்பர் பெயாரிங்கிலும் இதே மூன்று நிலைகள்: நீளவாக்கில் சிறிய விளையாட்டு (அசைய இடம் தரும் தளர்வு), பூச்சியம், அதைத் தாண்டினால் பிறீலோட். வாகனத்தின் பாரம் ஏறாமலே றோலர்கள் இரண்டு வளையங்களுக்கும் இடையில் நசிபடும் நிலைக்குத்தான் பிறீலோட் என்று பெயர்.

மிகச் சிறிய பிறீலோட்டில் பெயாரிங்கின் ஆயுள் உண்மையில் கூடும். பாரம் எல்லா றோலர்களுக்கும் பகிரப்படுவதால் அப்படி. ஆனால் அந்த உச்சியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் இறுக்கினால் ஆயுள் செங்குத்தாக விழும். மறுபக்கம், அதாவது சிறிது தளர்வு இருக்கும் பக்கம், சரிவு மெதுவானது. நூற்றில் சில பங்கு மில்லிமீற்றர் தளர்வில் இழப்பது கொஞ்சம். அதே அளவு அதிக இறுக்கத்தில் பெயாரிங்கே போய்விடும். இறுக்கமான பெயாரிங் சூடாகும், சூட்டில் கிறீஸ் இளகி ஓடும், கிறீஸ் இல்லாமல் இன்னும் சூடாகும். இந்தச் சுற்று ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்காது. கழற்றிப் பார்த்தால் றோலர்கள் பழுப்பாகவும் நீலமாகவும் நிறம் மாறியிருக்கும். நிறம் மாறிய பெயாரிங்கின் உருக்கு தன் கடினத்தை இழந்துவிட்டது. சுற்றிப் பார்க்க நன்றாக இருந்தாலும் திருப்பிப் போடாதீர்கள்.

அளவுமானி இல்லாத கைக்கு ரேப்பர் வகையில் தளர்வுப் பக்கமே பாதுகாப்பான பக்கம் என்பது இதனால்தான். பொதுவாக வைக்கும் நீளவாக்கு விளையாட்டு 0.025 முதல் 0.125 மி.மீ வரை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் ஐந்து வரை.

ரேப்பர் பெயாரிங் அமைக்கும் முறை

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜக்கில் தூக்கியபின் ஸ்ராண்டில் இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கை வைக்க வேண்டாம். செம்மண் தரையானால் ஸ்ராண்டுக்குக் கீழே தடித்த பலகை வேண்டும். மழைக்குப் பின் அந்த மண் அமுங்கும்.

கழற்றிய பெயாரிங்கை மண்ணெண்ணெயில் தூரிகையால் கழுவி, துணியில் வைத்துக் காயவிடுங்கள். எயார் அடித்துச் சுழற்றக் கூடாது: எண்ணெய் இல்லாமல் வேகமாகச் சுழலும் றோலர் கீறல் விழும், கூடு உடைந்தால் றோலர் முகத்துக்குத் தெறிக்கும். பிறேக் தூசியையும் எயாரால் ஊதாதீர்கள். பழைய பிறேக் லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம்; ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஹப்புக்குள் இறுக்கமாக நிற்கும் வெளிவளையத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஓடுபாதையில் சொரசொரப்பு, உதிர்ந்த குழி, றோலர் இடைவெளிக்குச் சரியாக வரிவரியாகப் பள்ளம், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உள்ளும் வெளியும் சோடியாக மாற்ற வேண்டும். புதிய உட்பகுதியைப் பழைய வெளிவளையத்தில் ஓடவிட்டால் பழைய குழிகள் புதிய றோலரை அரிக்கும். பழைய வளையத்தைப் பித்தளைத் தண்டால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என மாறிமாறித் தட்டி வெளியேற்றுங்கள். புதியதை உள்ளே அனுப்ப அந்தப் பழைய வளையமே நல்ல கருவி. அதன் வெளிப்பக்கத்தைக் கல்லில் கொஞ்சம் உரசிச் சிறிதாக்கினால் தடையின்றிப் போய் வரும். வளையம் அடியில் போய் உட்காரும்போது சுத்தியல் சத்தம் மந்தமாக இருந்தது கணீரென்று மாறும். அந்தச் சத்தம் வரும்வரை நிறுத்த வேண்டாம். முழுதாக உட்காராத வளையத்தின் மேல் எவ்வளவு கவனமாக இடைவெளி பிடித்தாலும், முதல் நாள் ஓட்டத்தில் வளையம் உள்ளே நகர, சில்லு ஆடத் தொடங்கும்.

கிறீஸ் லிதியம் அல்லது லிதியம் கொம்ப்ளெக்ஸ், இரண்டாம் இலக்கத் தடிப்பு. விலை குறைந்த கல்சியம் கிறீஸ் 100 பாகை செல்சியஸை எட்டும்போதே உருகிச் சொட்டும் வகை. பிறேக் சூடு சேரும் இடத்துக்கு அது ஆகாது. உள்ளங்கையில் கிறீஸ் உருண்டை ஒன்றை வைத்து, பெயாரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். ஒடுங்கிய பக்கத்தால் கிறீஸ் பிதுங்கி வரும்வரை சுற்றிவரச் செய்ய வேண்டும். வெளியே பூசிய கிறீஸ் றோலருக்குள் தானாகப் போகாது. ஹப் குழியில் மூன்றில் ஒன்று, கூடினால் பாதி போதும். நிறைத்துத் திணித்தால் சூட்டில் விரிந்து ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிறேக்குக்கு வரும். பழைய கிறீஸ் என்ன வகை என்று தெரியாவிட்டால் முழுவதும் கழுவித் துடைத்த பிறகே புதியது வையுங்கள். வகை கலந்தால் கிறீஸ் இளகித் தண்ணீராகிவிடக் கூடும்.

ஒயில் சீல் ஒவ்வொரு முறையும் புதிது. அதன் உதட்டில் மெல்லிய கிறீஸ். அச்சிலும் மெல்லியதாகப் பூசுங்கள், ஏனென்றால் இழுவையில்லாத சில்லில் உள்வளையம் அச்சின் மேல் மிக மெதுவாகத் தவழ்ந்து சுற்றுவது இயல்பு. அந்தச் சுற்று நட்டைத் திருப்பாமல் இருக்கத்தான் நாக்குள்ள வோஷர் இருக்கிறது. நாக்கு உடைந்த வோஷரைப் போட்டால் நட் தானே இறுகவோ தளரவோ கூடும், ஸ்பிளிட் பின் மட்டுமே தனியாகச் சுமை தாங்கும்.

இனி நட். கையால் ஏற்றி, ஹப்பை ஒரு கையால் சுற்றிக்கொண்டே 25 முதல் 30 நியூற்றன் மீற்றர் வரை இறுக்குங்கள். அது சிறிய ஸ்பனரில் சாதாரணக் கையிழுப்பு. இறுக்கும்போது ஹப் சுற்றிக்கொண்டே இருப்பது கட்டாயம். றோலர்கள் தங்கள் விளிம்பில் போய்ச் சரியாக உட்காருவது சுழலும்போதுதான். நிற்கும் ஹப்பில் இறுக்கினால் நட் இறுகியதுபோல் காட்டும், ஓட்டத்தில் தளர்ந்துவிடும். பிறகு நட்டைக் கால் சுற்றுக்கு மேல் பின்னால் விட்டு, ஸ்பனரை வைத்துவிட்டு, விரலால் மட்டும் தொடும்வரை ஏற்றுங்கள். இந்த இடம் ஏறத்தாழப் பூச்சியம். இங்கிருந்து ஸ்பிளிட் பின் துளை நேர்படும் இடத்துக்கு நட்டைப் பின்னால் மட்டுமே திருப்புங்கள். முன்னால் இறுக்கித் துளை பிடிப்பது கராஜ்களில் அடிக்கடி காணும் பழக்கம். பெயாரிங்கைக் கொல்லும் பழக்கமும் அதுதான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. புரியின் இடைவெளி 1.5 மி.மீ என்றால் நட் ஒரு முழுச் சுற்றில் 1.5 மி.மீ நகரும். ஆறு வெட்டுள்ள நட்டுக்கும் ஒரே துளையுள்ள அச்சுக்கும் நேர்படும் இடங்கள் 60 பாகைக்கு ஒன்று. அதாவது ஒரு வெட்டு தாண்டினால் 0.25 மி.மீ. நமக்கு வேண்டிய வீச்சு 0.1 மி.மீ மட்டும். அதனால் இந்த அமைப்பில் நல்ல இடம் சில வேளைகளில் கிடைக்கவே கிடைக்காது. அச்சில் இரண்டு துளைகள் செங்குத்தாக இருந்தால் 30 பாகைக்கு ஒன்று, 0.125 மி.மீ. அறுகோண நட்டின் மேல் கவிழும் பத்து வெட்டு மூடியானால், மூடியை ஆறு விதமாகத் திருப்பிப் போடலாம் என்பதால் 12 பாகைக்கு ஒரு இடம், 0.05 மி.மீ. மூடி வந்த வாகனங்களில் மூடியைத் தொலைத்துவிட்டு வெட்டு நட் போடாதீர்கள். அந்த நுணுக்கம் முழுக்க மூடியில்தான் இருக்கிறது. வெட்டு நட்டில் தளர்வு அளவுக்கு மேல் வந்தால் வோஷரைச் சமமான கண்ணாடியில் வைத்த எமரித் தாளில் உரசி மெலிதாக்கலாம், அல்லது வேறு தடிப்புள்ள வோஷரைப் போடலாம். நட் நிற்கும் இடம் மாறி, துளை நேர்படும்.

சரிபார்க்க டயல் கேஜைக் காந்தத்தால் ஹப்பில் நிறுத்தி, முனையை அச்சின் தலையில் வைத்து, ஹப்பை உள்ளும் வெளியும் தள்ளி இழுத்து வாசியுங்கள். சில்லை மேலும் கீழும் ஆட்டி வாசிப்பது பொய்யான அளவு தரும். கேஜ் இல்லாவிட்டால் நாக்கு வோஷரை ஸ்குறூட்ரைவர் நுனியால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். முண்டிப் பிடிக்காமல், சிறு தடையோடு வோஷர் நகர வேண்டும். நகரவே மறுத்தால் இறுக்கம்.

சில ரொயோட்டா வாகனங்களுக்குக் கைநூல் (தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேடு) தளர்வைக் கேட்காது. சிறிய பிறீலோட்டைக் கேட்கும். அங்கே சில்லு போல்ற்றில் வில்தராசைக் கொழுவி இழுத்து, ஹப் சுற்றத் தொடங்கும் விசையை அளப்பார்கள். ஒயில் சீலின் உராய்வைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். கைநூலும் வில்தராசும் கையில் இருந்தால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள்.

லொறி, பஸ்

பாரமான அச்சுகளுக்கு அமெரிக்க லொறிச் சங்கங்களின் தொழில்நுட்பப் பராமரிப்புச் சபை வகுத்த ஆர்.பி. 618 முறை நல்ல வழிகாட்டி. சில்லைச் சுற்றியபடி 200 அடி இறாத்தல், அதாவது 271 நியூற்றன் மீற்றர் வரை இறுக்கி உட்காரவைத்து, ஒரு முழுச் சுற்றுத் தளர்த்தி, மறுபடி 50 அடி இறாத்தலுக்கு ஏற்றி, கடைசியாகப் புரியின் அளவைப் பொறுத்து ஆறில் ஒன்று முதல் அரைச் சுற்று வரை பின்னால் விடுவது. இரட்டை நட் உள்ள அச்சில் கூடுதலாகத் தளர்த்துவதற்குக் காரணம் உண்டு. வெளி நட்டை இறுக்கும்போது அது உள் நட்டைப் புரியின் தளர்வளவுக்கு உள்ளே தள்ளும். பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளி அப்போது சுருங்கும். எனவே இங்கே அளவெடுக்கும் நேரம் வெளி நட்டு இறுகிய பிறகு. 0.025க்கும் 0.125க்கும் இடையில் வராவிட்டால் முதலிலிருந்து செய்யுங்கள்.

முன்சில்லு இழுவைக் கார்

இந்த வகையில் பெயாரிங்கின் உள்வளையம் இரண்டு துண்டு. இரண்டும் முகத்தோடு முகம் மோதி நிற்கும்போது பந்துகளுக்கு வேண்டிய பிறீலோட் சரியாகக் கிடைக்கும்படி ஆலையில் அரைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு துண்டையும் நெருக்கிப் பிடிப்பது அச்சு நட். அது தளர்ந்தால் துண்டுகள் விலகும், பந்துகள் பாதையின் ஓரத்தில் ஓடும், விரைவில் இரைச்சல். முகங்கள் மோதிய பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிறீலோட் பெரிதாக ஏறாது என்பதால், இங்கே இறுக்கத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. கைநூல் சொல்லும் முழு அளவையும் கொடுங்கள். கொரோலா 121க்கு அது 216 நியூற்றன் மீற்றர்.

இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பனர் இல்லையென்றால் மீன் நிறுக்கும் வில்தராசு போதும். 216ஐ 9.8ஆல் வகுத்தால் 22. நட்டின் மையத்திலிருந்து அளந்து சரியாக 1 மீற்றரில் குழாயில் தராசைக் கொழுவி, குழாய்க்குச் செங்குத்தாக 22 கிலோ காட்டும்வரை இழுங்கள். 75 சென்ரிமீற்றர் குழாய் என்றால் 29 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குழாயின் சொந்தப் பாரம் கணக்கைக் கெடுக்காமல் இருக்க, குழாயை நிமிர்த்தி நிறுத்திப் பக்கவாட்டில் இழுப்பது நல்லது. காற்றழுத்தத்தில் ஓடும் எயார் கன்னால் இறுக்கினால் கிடைத்தது எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. நட் புதிது போடுங்கள். இறுக்கிய பின் அதன் விளிம்பை மொட்டை உளியால் காடிக்குள் தட்டி மடியுங்கள்.

நட் முழுதாக இறுகும்வரை வாகனத்தின் பாரம் அந்தச் சில்லில் ஏறவே கூடாது. சில்லு காற்றில் இருக்கும்போது உதவியாள் பிறேக்கை மிதிக்க, அப்போதே இறுக்குங்கள். இழுவை அச்சைக் கழற்றிய நிலையில் வாகனத்தை ஒதுக்கமாகத் தள்ள வேண்டி வந்தால், பழைய அச்சின் வெளி மூட்டுப் பகுதியை மட்டும் ஹப்புக்குள் செருகி நட் போட்டு இறுக்கிய பிறகு தள்ளலாம்.

புதிய பெயாரிங்கை நக்கிளுக்குள் (பெயாரிங்கைத் தாங்கும் இரும்புக் கூடு) பிறெஸ் பண்ணும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம். ஹப்பை உள்ளே ஏற்றும்போது உள்வளையத்துக்குக் கீழே முட்டு. மாறி அழுத்தினால் விசை பந்துகளூடாகப் போய்ப் பாதையில் குழி விழும், வாகனம் வெளியே போகும்போதே இரைச்சலோடு போகும். பழைய உள்வளையத்தின் ஒரு பாதி ஹப்பில் ஒட்டிக்கொண்டு வருவது வழமை. கிறைண்டரால் முக்கால்வாசி வெட்டி, உளியால் ஒரு தட்டுத் தட்டினால் வெடித்துக் கழரும். ஹப்பில் வெட்டு விழ விடாதீர்கள். ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் காக்கும் அமைப்பு) உள்ள பல கார்களில் பெயாரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்தப் பட்டி இருக்கும். அது சென்சர் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். ஆணி, ஊசி போன்ற சிறிய இரும்பை அருகில் கொண்டுபோனால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும்.

மோட்டார் சைக்கிளும் பழைய கார்களும்

மோட்டார் சைக்கிளில் நடுக்குழாய்தான் எல்லாம். அச்சு நட்டை இறுக்கும்போது உள்வளையங்கள் குழாயில் முட்டி நிற்கும். குழாயை மறந்து பொருத்தினாலோ, தேய்ந்து குறுகிய குழாயைத் திருப்பிப் போட்டாலோ, நட்டின் பலம் முழுவதும் பந்துகளின் மேல் பக்கவாட்டில் விழும். பெயாரிங் தட்டும்போது ஒரு பக்கத்தை அடிவரை இறக்கி, குழாயை வைத்து, மறுபக்கத்தைக் குழாயில் முட்டும்வரை மட்டும் இறக்குங்கள்.

மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களின் முன்சில்லிலும் பந்து பெயாரிங்குகளுக்கு நடுவில் இப்படி ஒரு குழாய் இருக்கும். குழாய் இருந்தால் அது கவ்வும் வகை, நட் இறுக்கமாக வேண்டும். ஆனால் அச்சில் ஏற்கெனவே யாராவது ரேப்பர் பெயாரிங் மாற்றிப் போட்டுக் குழாயை எடுத்துவிட்டிருக்கலாம். அப்போது கைநூல் சொல்லும் இறுக்கம் அந்தக் காருக்கு நஞ்சு, ரேப்பர் முறைதான் செய்ய வேண்டும். திறந்து பார்க்காமல் ஸ்பனர் வைக்க வேண்டாம். சிலவற்றில் ஒரு பக்க நட் இடப்புரியாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆட்டமும் இரைச்சலும்

தூக்கிய சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், உதவியாளைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் சில்லு திரும்பும் மூட்டான போல் ஜொயின்ற் அல்லது கிங் பின். பெயாரிங்கை வீணாகக் கழற்றாமல் இருக்க இந்தச் சோதனை ஒன்றே போதும். ஓட்டத்தில் வரும் உறுமல் வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடச்சில்லைச் சந்தேகியுங்கள், பாரம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. சில்லைக் கையால் சுற்றிக்கொண்டு மறுகையால் சுருள் வில்லைத் தொட்டால், கெட்ட பெயாரிங்கின் அதிர்வு விரலில் சொரசொரவென்று ஏறும்.

கடலில் இறங்கும் சில்லுக்குத் தனிக் கவனம் வேண்டும். படகு இழுக்கும் பெட்டியும் கரைவலைக்குப் போகும் உழவு இயந்திரமும் சூடான ஹப்போடு நேரே தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, ஒயில் சீலின் உதட்டைத் தாண்டி உப்புத் தண்ணீரை உறிஞ்சும். இறங்க முன் ஹப் ஆறட்டும். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் அச்சு மட்டத்துக்கு மேல் ஓடிய வாகனத்துக்கும் அதே நிலை. கிறீஸ் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கிறீஸ் பால்போல் வெளிறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மேலே புதுக் கிறீஸ் பூசி மூடினால் உள்ளே றோலர் துருப்பிடிப்பது நிற்காது. முழுவதும் கழற்றிக் கழுவி, சீல் மாற்ற வேண்டும்.

ரேப்பர் அமைத்து முடித்ததும் யாழ் நகரிலிருந்து சாவகச்சேரி அளவுக்கு ஒரு ஓட்டம், பிறேக்கைக் குறைவாகப் பாவித்து. நிறுத்தியவுடன் இரண்டு பக்க ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைத்து நிற்க முடியாத சூடு ஒரு பக்கம் மட்டும் இருந்தால், சில்லைத் தூக்கிச் சுற்றுங்கள். பிறேக் உரசுவது கேட்டால் முதலில் பிறேக்கைச் சரிசெய்யுங்கள். உரசல் இல்லாமல் ஹப்பின் நடுப்பகுதியே கொதித்தால் நட்டை ஒரு இடம் பின்னால் விடுங்கள். 500 முதல் 1,000 கிலோமீற்றருக்குள் மறுபடி தூக்கி, ஆட்டிப் பார்த்து, புதிய ஸ்பிளிட் பின்னோடு மூடுங்கள்.